தேய்ந்த ஷாஃப்டின் மேல் தெளிக்கப்படும் உலோகம்: வெப்பத் தெளிப்புப் பூச்சு எதைத் திருப்பித் தருகிறது, எதைத் தருவதில்லை

நீரேற்று நிலையத்துப் பம்பு ஒன்றைப் பிரித்து அதன் ஷாஃப்டை, அதாவது சுழலும் தண்டை, வெளியே எடுத்தால், முதலில் கண்ணில் படுவது கிளாண்ட் பேக்கிங் உட்கார்ந்திருந்த இடம்தான். கிராஃபைட் தோய்ந்த கயிறு போன்ற அந்த மெத்தென்ற பொருள் ஷாஃப்டைச் சுற்றி இறுகி, நீர் வெளியே பீய்ச்சாமல் காக்கிறது. நீரோடு வரும் நுண்மணல் சிறிது சிறிதாக அதில் பதிந்துகொண்டதும் அதே பேக்கிங் உப்புத்தாளாக மாறிவிடுகிறது. எஃகைவிடப் பல மடங்கு மென்மையான ஒன்று, ஓரிரு ஆண்டுகளில் எஃகின் மேல் வளையம் வளையமாகப் பள்ளம் பறித்துவிடுகிறது. விரல் நகத்தை வைத்து இழுத்தால் நகம் சிக்கும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விட்டம் 80 மி.மீ., நீளம் 1.5 மீட்டர் உள்ள எஃகு ஷாஃப்ட் ஏறத்தாழ 59 கிலோ எடை இருக்கும். பேரிங் உட்காரும் இடங்கள், இம்பெல்லர் (நீரைத் தள்ளும் சக்கரம்) பொருந்தும் இடம், சாவிக்காடி (அந்தச் சக்கரத்தைப் பூட்டும் ஆப்புக்கான பள்ளம்), மறை என எல்லாம் நல்ல நிலையில் இருக்க, பேக்கிங் உராயும் 120 மி.மீ. நீளம் மட்டும் கெட்டுப்போயிருக்கிறது. அந்த நீளத்தில் பக்கத்துக்கு 1 மி.மீ. கடைந்தெடுத்துவிட்டு, அந்த இடத்தைப் பழைய அளவுக்கு நிரப்ப வேண்டும் என்றால், கடைசியில் ஷாஃப்டில் தங்க வேண்டிய உலோகம் கால் கிலோவுக்கும் குறைவு. அந்தக் கால் கிலோவை எப்படிச் சேர்ப்பது, சேர்த்தது எப்படி நிலைக்கும் என்ற கேள்விக்கு உள்ள விடைகளில் ஒன்றுதான் வெப்பத் தெளிப்புப் பூச்சு. பட்டறைகளில் இதை மெட்டல் ஸ்பிரே என்றும் மெட்டலைசிங் என்றும் சொல்வார்கள்.

வேறு வழிகளும் உண்டு. வெல்டிங் வைத்து நிரப்பலாம். ஆனால் வில்சுடரின் வெப்பம் ஷாஃப்டின் ஒரு பக்கத்தை உருக்கும்போது மறுபக்கம் குளிர்ந்தே இருப்பதால், ஆறும்போது ஷாஃப்ட் வளையும். வளைவை அடித்து நிமிர்த்தினாலும், வெல்டிங்கை ஒட்டிய பகுதியில் எஃகின் உள்ளமைப்பு மாறி, விரிசல் தொடங்குவதற்கு ஏற்ற இடமாக அது நின்றுவிடும். கடைந்தெடுத்துவிட்டு ஒரு ஸ்லீவை, அதாவது குழாய் வடிவ உறையை, சூடாக்கி ஏற்றலாம். பல இடங்களில் அதுவே மலிவான, சரியான தீர்வு. ஆனால் அடுத்துள்ள தோளை (ஷாஃப்டின் விட்டம் கூடும் படியை) தாண்டி ஸ்லீவை உள்ளே கொண்டுபோக முடியாத வடிவங்கள் உண்டு. ஸ்லீவின் சுவர்த் தடிமனுக்காகக் கூடுதலாகக் கடைய வேண்டியும் இருக்கும். ஷாஃப்டை வளைக்காமல், தொட்டால் கை சுடும் அளவுக்கு மேல் பெரிதாகச் சூடாக்காமல், வேண்டிய இடத்தில் மட்டும் உலோகத்தை ஏற்ற முடிவது தெளிப்பு முறையின் தனித்தன்மை.

உருகிய உலோகத்தைத் தெளித்தும் ஷாஃப்ட் எப்படிச் சூடேறாமல் இருக்கிறது? உலோகத்தை உருக்கித் தெளிக்கும் துப்பாக்கியிலிருந்து கிளம்புவது தொடர்ந்து ஓடும் உலோகம் அன்று; ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான துளிகள். ஒவ்வொரு துளியும் வேகமாகச் சென்று மேற்பரப்பில் மோதி, அப்பளம்போலத் தட்டையாகி, ஒரு கணத்தின் மிகச் சிறு பகுதிக்குள் உறைந்துவிடுகிறது. அப்போது அது ஆறும் வேகம் நொடிக்குப் பத்து லட்சம் டிகிரி என்ற அளவில் இருக்கும். துளி சிறிது, ஷாஃப்ட் பெரிது என்பதால் துளி கொண்டுவரும் வெப்பம் ஷாஃப்டுக்குள் கரைந்து காணாமல் போகிறது. ஷாஃப்டைச் சுழலவிட்டு, துப்பாக்கியை நீளவாக்கில் நகர்த்திக்கொண்டே, பக்கத்தில் காற்றும் அடித்தால், வேலை முழுவதும் அதன் வெப்பநிலையை 150 டிகிரி செல்சியசுக்குள் வைத்திருக்க முடியும். அந்த வெப்பத்தில் எஃகு வளைவதுமில்லை, அதன் பதம் இறங்குவதுமில்லை.

அந்தச் சலுகைக்கு ஒரு விலை உண்டு. வெல்டிங்கில் அடி உலோகமும் உருகி, சேர்க்கப்படும் உலோகத்தோடு கலந்து ஒன்றாகிறது. தெளிப்பில் அடி உலோகம் உருகுவதில்லை. தட்டையான துளி, மேற்பரப்பில் ஏற்கெனவே இருக்கும் மேடுபள்ளங்களைக் கவ்விக்கொண்டு ஆறும்போது சுருங்கி இறுகுகிறது. அடுத்த துளி முந்தைய துளியைக் கவ்விக்கொள்கிறது. இப்படி ஆயிரக்கணக்கான அப்பளங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுதான் பூச்சு. அதை வெட்டி மெருகேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் வரி வரியாக அடுக்குகளும், இடையிடையே ஆக்சைடு கோடுகளும், துளிகள் சரியாகப் படியாத இடங்களில் கருமையான நுண்துளைகளும் தெரியும். இந்தப் பூச்சின் நல்ல குணமும் கெட்ட குணமும் பெரும்பாலும் இந்த அடுக்கமைப்பிலிருந்தே வருகின்றன.

இதைத் தொடங்கிவைத்தவர் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரைச் சேர்ந்த மாக்ஸ் உல்ரிச் ஷூப். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே உருகிய உலோகத்தைத் தெளிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றவர். குழந்தைகள் விளையாட்டுத் துப்பாக்கியால் சுவரில் சுட்ட ஈயக் குண்டுகள் தட்டையாகி ஒட்டிக்கொண்டதைப் பார்த்தபோதுதான் இந்த யோசனை அவருக்குப் பிறந்ததாகத் தொழில்வட்டாரத்தில் ஒரு கதை உலவுகிறது. கதை உண்மையோ இல்லையோ, நடப்பது அதேதான்: மோதல், தட்டையாதல், ஒட்டிக்கொள்ளல்.

ஷூப்பின் காலத்துக்குப் பிறகு வந்த முறைகளையெல்லாம் இரண்டு கேள்விகளை வைத்துக்கொண்டு புரிந்துகொள்ளலாம்: துளிக்கு எவ்வளவு சூடு, எவ்வளவு வேகம்? பழைய சுடர்த் தெளிப்பில் ஆக்சிஜன்–அசிட்டிலின் சுடர் ஏறத்தாழ 3000 டிகிரி செல்சியஸ் தருகிறது, ஆனால் துகளின் வேகம் குறைவு; பூச்சில் துளைகள் அதிகம். மின்வில் தெளிப்பில் இரண்டு கம்பிகள் முனையில் ஒன்றையொன்று நெருங்கும்போது எழும் வில்லில் அவையே உருக, அழுத்தக்காற்று அந்த உருகலைச் சிதறடித்து முன்னே தள்ளுகிறது. எரிவாயு வேண்டாம், கம்பி மலிவு, ஒரு மணி நேரத்தில் கிலோக்கணக்கில் ஏற்றலாம் என்பதால் தேய்ந்த ஷாஃப்டுகளுக்கு இன்றும் இதுவே கைகொடுக்கும் முறை. 1950களின் பிற்பகுதியிலிருந்து வளர்ந்த பிளாஸ்மா தெளிப்பு சூட்டின் பக்கம் போனது. அதன் நடுச்சுடர் 10,000 டிகிரியைத் தாண்டும் என்பதால் எளிதில் உருகாத பீங்கான் வகைகளையும் தெளிக்க முடிந்தது. விமான எஞ்சின் சுழலிகளின் (டர்பைன்) இதழ்களுக்கு இட்ரியா கலந்த சிர்கோனியா என்ற பீங்கானால் வெப்பத்தடுப்பு மேலாடை போடுவது இதனால்தான் இயன்றது.

வேகத்தின் பக்கம் போனவர்களின் கதை தனி. 1950களில் அமெரிக்காவின் யூனியன் கார்பைடு நிறுவனம், ஒரு குழலுக்குள் ஆக்சிஜனையும் அசிட்டிலினையும் நொடிக்குப் பலமுறை வெடிக்கவைத்து அந்த அதிர்வலையில் தூளை ஏவும் டி-கன் முறையை உருவாக்கியது. இந்தியாவில் ஹைதராபாத்தில் தூள் உலோகவியலுக்கும் புதிய பொருள்களுக்குமான ஏ.ஆர்.சி.ஐ. ஆய்வு மையம் இந்த வெடிப்புத் தெளிப்பில் நீண்ட காலம் பணியாற்றி, அதைத் தொழில்முனைவோருக்கும் கைமாற்றிக் கொடுத்திருக்கிறது. 1980களில் வெடிப்புக்குப் பதிலாக இடைவிடாத எரிதலைக் கொண்டு, ராக்கெட்டின் புகைபோக்கி போன்ற குழல்வழியே ஒலியை மிஞ்சிய வேகத்தில் வாயுவைப் பாய்ச்சும் எச்.வி.ஓ.எஃப். (அதிவேக ஆக்சிஜன்–எரிபொருள்) முறை சந்தைக்கு வந்தது. இதில் துகள் நொடிக்கு 600 மீட்டர், அதற்கும் மேலான வேகத்தில் மோதுகிறது. அதிகச் சூடேறுவதற்கு முன்பே இலக்கை அடைந்துவிடுகிறது. டங்ஸ்டன் கார்பைடு போன்ற பொருள்கள் அதிகச் சூட்டில் சிதைந்து பொரிந்துபோகக் கூடியவை என்பதால், குறைந்த சூடும் கூடிய வேகமும் அவற்றுக்கு வரமாக அமைந்தன. கடைசிக் கோடியில் இருப்பது குளிர்த் தெளிப்பு. 1980களில் ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க் நகரில், துகள் கலந்த மீயொலிக் காற்றோட்டத்தைச் சோதித்துக்கொண்டிருந்த பாப்பிரின் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும், போதிய வேகத்தில் மோதினால் துகள் உருகாமலேயே ஒட்டிக்கொள்வதைக் கண்டார்கள். வெல்டிங்குக்கு மசியாத மெக்னீசிய வார்ப்புகளை, முக்கியமாக ஹெலிகாப்டர் கியர்பாக்ஸ் கூடுகளை, மீட்க இன்று அது பயன்படுகிறது.

எந்த முறையை எடுத்துக்கொண்டாலும், பூச்சு நிற்குமா விழுமா என்பது துப்பாக்கியைப் பற்றவைப்பதற்கு முன்பே முக்கால்வாசி தீர்மானமாகிவிடுகிறது. விளம்பரங்களில் எப்போதும் சுடரின் படம்தான் இருக்கும். உண்மையான வேலை அதற்கு முந்தைய சில மணி நேரங்களில் நடக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் என் கைக்கு ஒரு ஷாஃப்ட் திரும்பி வந்தது. இரண்டு வாரம்கூட ஓடவில்லை. பூச்சு அவித்த முட்டையின் ஓடுபோலப் பாளமாகக் கழன்றிருந்தது. ஒரு பாளத்தைத் திருப்பிப் பார்த்தபோது, அதன் அடிப்பக்கத்தில் லேத் உளியின் மெல்லிய சுருள்கோடுகள் அச்செடுத்ததுபோலப் பளபளவென்று பதிந்திருந்தன. ஷாஃப்டின் பக்கமும் அதே பளபளப்பு. கடைந்த கையோடு தெளித்திருக்கிறார்கள். நடுவில் ஒன்றுமே செய்யவில்லை. கவ்விக்கொள்ளத் துளிக்கு ஒரு பிடிமானம்கூட அங்கே இருக்கவில்லை.

அந்த நடுவேலை இதுதான். முதலில் தேய்ந்த இடத்தைச் சீராகக் கடைந்து, பூச்சுக்கு எல்லா இடத்திலும் ஒரே தடிமன் கிடைக்குமாறு ஒரு தாழ்வான படுகையை உண்டாக்க வேண்டும். படுகையின் இரு கரைகளும் செங்குத்தாக இருக்கக் கூடாது. செங்குத்தான மூலைக்குள் துளிகள் நேராகப் போய்ச் சேராமல் சுவரில் மோதிச் சிதறி, தூசும் துளையுமாக அங்கே அடைந்துகொள்ளும். கரையைச் சரிவாக வெட்டினால் அந்தத் தொல்லையும் இல்லை, விளிம்பில் பூச்சு பெயர்ந்து எழும் அபாயமும் குறையும். சரிவின் அடியில் கூர்மை விடாமல் ஒரு சிறு வளைவும் கொடுக்க வேண்டும். அடுத்தது எண்ணெய் நீக்கம். எஃகுக்குக் கரைப்பான் போதும். வார்ப்பிரும்போ பல ஆண்டுகளாக எண்ணெயைத் தன் கிராஃபைட் இடுக்குகளில் குடித்துவைத்திருக்கும். மேலே துடைத்தால் போகாது, சூடாக்கி வியர்க்கவிட்டுத்தான் வெளியேற்ற வேண்டும். இதைச் செய்யாமல் தெளித்தால், தெளிப்பின் சூட்டிலேயே எண்ணெய் கசிந்து பூச்சுக்கு அடியில் புகுந்துகொள்ளும்.

பிறகு கூரான அலுமினா மணலை அழுத்தக்காற்றில் அடித்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குகிறார்கள். உருண்டை மணிகள் இதற்கு உதவாது. அவை மேற்பரப்பைத் தட்டுமே ஒழியக் கிழிக்காது. பலமுறை பயன்படுத்தி முனை மழுங்கிய மணலும் அப்படியே. அடித்து முடித்த மேற்பரப்பு ஒளியைத் திருப்பாமல் சாம்பல் நிறத்தில் மங்கலாக இருக்க வேண்டும். எங்காவது மினுக்கம் தெரிந்தால் அந்த இடம் தயாராகவில்லை என்று பொருள். அதன்பின் வெறுங்கையால் தொடவே கூடாது, கை வியர்வையின் எண்ணெயும் உப்பும் போதும் கெடுக்க. சில மணி நேரத்துக்குள் தெளிப்பைத் தொடங்கிவிடவும் வேண்டும், ஏனெனில் புதிதாகக் கிழிக்கப்பட்ட எஃகு காற்றின் ஈரத்தை வாங்கி உடனே துருவேறத் தொடங்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில், அதிலும் ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தில், இந்தக் கால அவகாசம் இன்னும் சுருங்கும். தெளிப்பதற்குச் சற்று முன் ஷாஃப்டை 100 டிகிரி அளவுக்கு இளஞ்சூடாக்குவது இந்த ஈரத்தை விரட்டத்தான்.

அதன் மேல் முதலில் ஒரு மெல்லிய பிணைப்பு அடுக்கு போடுவது வழக்கம். நிக்கலும் அலுமினியமும் கலந்த கம்பியோ தூளோ இதற்குப் பயன்படும். உருகும்போது இந்த இரண்டும் தமக்குள் வினைபுரிந்து கூடுதல் வெப்பத்தை வெளிவிடுவதால், துளிகள் அடி உலோகத்தில் இறுகப் பற்றிக்கொள்கின்றன. தம் பங்குக்குச் சொரசொரப்பான மேற்பரப்பையும் மேல் அடுக்குக்கு விட்டுச் செல்கின்றன. நம் பம்பு ஷாஃப்டுக்கு அதன் மேல் 13 சதவீதக் குரோமியம் கொண்ட எஃகுக் கம்பியை மின்வில் முறையில் ஏற்றலாம். இந்த எஃகு ஆறும்போது குறைவாகச் சுருங்குவதால் ஒரு மில்லிமீட்டரும் அதற்கு மேலும் தடிமன் ஏற்றினாலும் வெடிக்காமல் தாங்கும். டங்ஸ்டன் கார்பைடை அப்படிக் குவிக்க முடியாது, பெரும்பாலும் 0.1 முதல் 0.3 மி.மீ. வரைதான் அதன் எல்லை. ஆகவே “எது மிகக் கடினமோ அதைப் போடுங்கள்” என்று வாடிக்கையாளர் கேட்பதைவிட, “எவ்வளவு தடிமன் வேண்டும்” என்று பட்டறைக்காரர் கேட்பதுதான் முதலில் தீர வேண்டிய கேள்வி.

துப்பாக்கி மேற்பரப்புக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். 45 டிகிரிக்குக் கீழே சாய்ந்தால் துளிகள் வழுக்கி அடுக்கில் நிழல்போல் துளைகள் விழும். தெளிப்பு நேர்க்கோட்டில்தான் போகும் என்பதால், வளைந்த குழாயின் உட்புறம் போன்ற இடங்கள் அதற்கு எட்டாது. வெளிப்புறத்துக்கும் உட்புறத்துக்கும் இன்னொரு வேறுபாடும் உண்டு. ஷாஃப்டின் மேலுள்ள பூச்சு சுருங்கும்போது வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டைபோல ஷாஃப்டை இறுக்கிப் பிடிக்கிறது. துளையின் உட்சுவரில் உள்ள பூச்சு சுருங்கினால் சுவரை விட்டு விலகப் பார்க்கிறது. பேரிங் கூடுகளின் உள்துளையை மீட்பது ஷாஃப்டை மீட்பதைவிடக் கடினமாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

கடைசியில் அளவுக்குக் கொண்டுவருதல். குரோம் எஃகுப் பூச்சைக் கார்பைடு உளியாலும் கடையலாம், ஆனால் அழுத்தம் கூடினால் உளி துகள்களை வெட்டாமல் பிடுங்கி எறியும். மென்மையான சாணைக்கல்லில் நீர் பாய்ச்சி மெதுவாக அரைப்பதே மேல். டங்ஸ்டன் கார்பைடுக்கு வைரச் சாணை வேண்டும். பம்பு ஷாஃப்டாக இருந்தால் இறுதி அரைப்புக்கு முன் துளைகளை அடைக்க எபாக்சி போன்ற அடைப்பான் தடவுவதை விட்டுவிடக் கூடாது. மின்வில் பூச்சின் நுண்துளைகள் வழியே நீர் அடிவரை இறங்கினால், பூச்சு தேயாமலேயே அடியில் துரு வளர்ந்து அதை மேலே தள்ளிவிடும்.

இனி, இந்தத் துறையில் தாராளமாகப் புழங்கும் ‘வலுவூட்டல்’ என்ற சொல்லைப் பற்றி. மேற்பரப்பு வலுவடைகிறது என்றால் அது சரி. பாகம் வலுவடைகிறது என்று ஒருவர் புரிந்துகொண்டால் அது ஆபத்து. முறுக்குவிசையைத் தாங்கும் திறன் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும் குறையும். நம் ஷாஃப்டை 80 மி.மீ.இலிருந்து 78 மி.மீ.க்குக் கடைந்தபோதே அந்த இடத்தின் திறனில் ஏறத்தாழ 7 சதவீதம் போய்விட்டது. பூச்சு விட்டத்தைத் திரும்பவும் 80 ஆக்குகிறது. போன 7 சதவீதத்தைத் திருப்பித் தருவதில்லை. அடுக்கிய அப்பளங்கள் முறுக்கைத் தாங்கா, இழுவையைத் தாங்கா. எனவே முதல் கணக்கு, கடைந்தபின் மிஞ்சும் எஃகு வேலைச் சுமையைத் தனியாகத் தாங்குமா என்பதுதான். ஷாஃப்டில் ஏற்கெனவே விரிசல் இருந்தால் அதன் மேல் தெளிப்பது புண்ணின் மேல் சுண்ணாம்பு அடிப்பதைப் போன்றது. விரிசல் உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும், வெளியே தெரிவதும் நின்றுபோகும். ஆகவே கடைந்து முடித்ததும் சாயம் ஊடுருவவிட்டோ காந்தத்துகள் தூவியோ விரிசல் பார்ப்பதற்கு ஆகும் அரைமணி நேரத்தை மிச்சப்படுத்துவதில் எனக்கு உடன்பாடே இல்லை.

இதே காரணத்தால் பூச்சு ஒவ்வாத இடங்களும் உண்டு. கியர் பற்களின் தொடுகோட்டிலும், பேரிங் உருளைகள் ஓடும் தடத்திலும், சாவிக்காடியின் விளிம்பிலும் சுமை ஒரு புள்ளியிலோ கோட்டிலோ குவிகிறது; அங்கே பூச்சு நொறுங்கும். பேரிங்கின் உள்வளையம் அசையாமல் உட்காரும் இடமோ முற்றிலும் வேறு. அங்கே சுமை பரவலாக இறங்குவதால் தெளிப்பு நன்றாகவே பயன்படுகிறது. மோதலும் புள்ளிச்சுமையும் இருந்தே தீரும் இடங்களில், நிக்கல்–குரோமியம்–போரான்–சிலிக்கான் கலவையைத் தெளித்தபின் ஏறத்தாழ 1000 டிகிரிக்கு மேல் சூடாக்கி உருகவிடும் முறை ஒன்று இருக்கிறது. அதில் பூச்சு அடி உலோகத்தோடு உண்மையாகவே இணைந்துவிடும். அவ்வளவு சூட்டைப் பாகம் தாங்க வேண்டும் என்பதுதான் அதன் நிபந்தனை. குளிர்ச்சியாக வேலை முடியும் என்ற சலுகை அங்கே கைவிட்டுப் போகிறது.

வரம்புகளை அறிந்து பயன்படுத்தும்போது, தெளித்த பாகம் புதிய பாகத்தைவிட நீண்ட நாள் உழைப்பதும் உண்டு. இமாசலப் பிரதேசத்தில் சட்லஜ் ஆற்றின் மேலுள்ள 1500 மெகாவாட் நாத்பா ஜாக்ரி நீர்மின் நிலையம் இதற்கு ஒரு கடுமையான சோதனைக்களம். பருவமழைக்காலத்தில் ஆற்று நீர் கொண்டுவரும் வண்டலில் குவார்ட்ஸ் மணல் மிகுதி. குவார்ட்சின் கடினம் சுழலி செய்யப்படும் 13 சதவீதக் குரோம், 4 சதவீத நிக்கல் எஃகைவிட மூன்று மடங்குக்கும் மேல். நானூறு மீட்டருக்கும் அதிகமான உயரத்திலிருந்து இறங்கும் நீர் அந்த மணலை வழிகாட்டி இதழ்களிலும் சுழலி விளிம்பிலும் அறையும்போது, எஃகு சோப்புக்கட்டிபோலக் கரைகிறது. அத்தகைய பாகங்களில் எச்.வி.ஓ.எஃப். முறையில் ஏற்றப்படும் டங்ஸ்டன் கார்பைடு–கோபால்ட்–குரோமியம் பூச்சின் கடினம் குவார்ட்சை எட்டிப்பிடிக்கிறது; அதில் உள்ள கார்பைடு மணிகளோ குவார்ட்சைவிட வெகுவாகக் கடினமானவை. தேய்மானம் நின்றுவிடுவதில்லை, வெகுவாகக் குறைகிறது. பிரான்சிஸ் வகைச் சுழலியில் இதழ்களுக்கு இடைப்பட்ட குறுகிய பாதைக்குள் துப்பாக்கி நுழைய முடியாது என்பதால் எட்டாத இடங்களில் பழைய கதைதான்.

விமானத் தரையிறங்கு கால்களில் எச்.வி.ஓ.எஃப். பூச்சு வேறொரு காரணத்துக்காக நுழைந்தது. பல பத்தாண்டுகளாக அவற்றுக்குக் கடினக் குரோம் முலாம் பூசப்பட்டுவந்தது. அந்த முலாம்தொட்டியின் ஆறிணைதிறக் குரோமியம் புற்றுநோய் விளைவிப்பது. அமெரிக்கா 2006இல் பணியிடக் காற்றில் அதன் அனுமதி அளவைக் கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமாக இறுக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2017 செப்டம்பருக்குப் பிறகு குரோமியம் டிரையாக்சைடைத் தனி அனுமதி இல்லாமல் பயன்படுத்த முடியாதபடி செய்தது. அந்த இடத்தை எச்.வி.ஓ.எஃப். கார்பைடு பெருமளவு பிடித்துக்கொண்டது. இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குரோமியம் கலந்த கம்பியை மின்வில்லில் உருக்கினால் அதே ஆறிணைதிறக் குரோமியம் புகையிலும் உருவாகும். உறிஞ்சு விசிறியும் முகமூடியும் இல்லாமல் திறந்த கொட்டகையில் தெளிக்கும் பட்டறை, முலாம்தொட்டியின் தீங்கைக் காற்றுக்கு மாற்றியிருக்கிறது, அவ்வளவுதான். பிளாஸ்மா, எச்.வி.ஓ.எஃப். துப்பாக்கிகளின் ஓசையும் 120 டெசிபலைத் தாண்டும். தடுப்பறை இல்லாமல் அவற்றை இயக்கவே கூடாது.

நம் ஊர்களில் இந்தத் தொழில் பெரும்பாலும் கண்ணில் படாத இடங்களில் உழைக்கிறது. நூற்பாலைகளில் நூல் வழுக்கிச் செல்லும் வழிகாட்டிகளின் மேல் அலுமினா–டைட்டானியா பூச்சு இருக்கும். இல்லையேல் அந்த மெல்லிய நூலே எஃகை அறுத்துவிடும். சாம்பல் மிகுந்த இந்திய நிலக்கரியை எரிக்கும் அனல்மின் நிலையங்களில் கொதிகலன் குழாய்களும் விசிறி இதழ்களும் சாம்பலின் அரிப்பைத் தாங்கப் பூச்சு ஏற்கின்றன.

பூச்சு வாங்குபவர் தரத்தை எப்படி அறிவது? பிணைப்பு வலிமைக்கு, தர நிர்ணய அமைப்பான ஏ.எஸ்.டி.எம். வகுத்த சி633 என்ற சோதனை உண்டு. ஓர் அங்குல விட்டமுள்ள உருளையின் முகத்தில் பூச்சைத் தெளித்து, அதன் மேல் இன்னோர் உருளையை எபாக்சிப் பசையால் ஒட்டி, இரண்டையும் இழுத்துப் பிரிப்பார்கள். நல்ல எச்.வி.ஓ.எஃப். பூச்சில் பசைதான் முதலில் விடும். அதனால் சான்றிதழில் “70 மெகாபாஸ்கலுக்கு மேல்” என்று எழுதுவார்கள். அது பூச்சின் வலிமை என்று நினைக்கிறோம், உண்மையில் பசையின் எல்லை. சிறு பட்டறையில் இந்தச் சோதனைக்கெல்லாம் வழியிராது. ஆனால் வேலையோடு சேர்த்து ஒரு துண்டுக் கம்பியிலும் தெளித்துத் தரச் சொல்லி, அதைக் குறுக்கே அறுத்துப் பார்க்க யாருக்கும் தடையில்லை. மணல் அடித்த பிறகு, தெளிப்பதற்கு முன், ஷாஃப்டைக் கைபேசியில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னாலும் போதும், பாதித் தவறுகள் அங்கேயே பிடிபடும்.

கடைசியாக ஒரு சிறு காரியம். தெளிப்பு முடிந்த ஷாஃப்டின் முனையில் எண் பொறிக்கும் உளியால் ஓர் அடையாளம் குத்தி, அதே அடையாளத்தைப் பராமரிப்பு ஏட்டிலும் பொருளின் பெயர், தடிமன், தேதியோடு எழுதிவைக்க வேண்டும். அரைத்து மெருகேற்றிய பூச்சுக்கும் எஃகுக்கும் கண்ணால் வேறுபாடு காண்பது கடினம். ஐந்தாண்டு கழித்து அதே இடம் மீண்டும் தேய்ந்து வரும்போது, அது பூச்சு என்று அறியாத ஒருவர் அதன் மேல் வெல்டிங் வைத்தால், துளைகளில் அடைந்திருந்த அடைப்பானும் ஆக்சைடும் கொதித்து உருகலில் குமிழிகளாக எழும். வெல்டிங்கும் நிற்காது, பூச்சும் மிஞ்சாது. அடையாளம் இருந்தால் பழைய பூச்சைக் கடைந்து நீக்கிவிட்டு அதே 78 மி.மீ. படுகையிலிருந்து வேலையை மறுபடி தொடங்கிவிடலாம்.